நான்கு பயறும் ஒரு மளிகைக் கடையும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், குயின் சாலை மகா மாரியம்மன் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது இந்தக் கடை. பயறு வாங்கினால் முதலில் முளைகட்டிப் பார்ப்பேன். உயிரியல் ஆசிரியையாக இருந்த பழக்கம், ஓய்வு பெற்றும் போகவில்லை.

இம்முறை தட்டைப்பயறு, பச்சைப்பயறு, சோயா, காய்ந்த பட்டாணி எல்லாம் அரைக் கிலோ வீதம் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் நூறு மணியை எண்ணி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டினேன். இரண்டாம் நாள் பச்சைப்பயறில் 97 முளைத்திருந்தன. தட்டைப்பயறில் 91, சிலவற்றில் வண்டுத் துளை. பட்டாணி பரவாயில்லை. சோயாவில் பாதிக்கு மேல் புளித்து நொசநொசத்துவிட்டது.

அந்த சோயாச் சாக்கின்மேல் ‘மரபணு மாற்றம் செய்யாதது’ என்று அட்டை வேறு. மனிதர் கைவைக்கவில்லை என்றால் சரிதான். ஆனால் அந்தப் பயறுக் குடும்பமே யாரும் சொல்லாமல் தன் மரபணுவை இடம் மாற்றிக்கொண்ட குடும்பம்! செல் மூச்சுவிட உதவும் நொதி ஒன்றின் ஒரு துண்டுக்கான மரபணு காக்ஸ்2. பட்டாணியில் அது, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்டிரியாவிலிருந்தே வேலை செய்கிறது. தட்டைப்பயறிலும் பச்சைப்பயறிலும் அங்கே அது இல்லை, செல்லின் பெரும்பாலான மரபணுக்கள் இருக்கும் உட்கருவுக்குக் குடிபோய்விட்டது. சோயாவில் இரண்டு இடத்திலும் உண்டு: உட்கருவில் இருப்பது உழைக்கிறது, மைட்டோகாண்டிரியாவில் இருப்பது ஊமையாகக் கிடக்கிறது. 1991இல் வெளியான ஆய்வு இது. எனக்கு மிகவும் பிடித்தது அதன் தடயம்தான். மைட்டோகாண்டிரியா தன் மரபணுவைப் பார்த்து எடுக்கும் ஆர்.என்.ஏ. படியில் சில எழுத்துகளைத் திருத்தும். உட்கருவில் உள்ள மரபணுவிலோ அந்தத் திருத்தங்கள் முன்பே இருக்கின்றன. ஆக, திருத்திய படிதான் திரும்ப டி.என்.ஏ.வாகி உட்கருவில் ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து உருவாகும் புரதம் பழைய வீட்டுக்கே போய்ச் சேர, முன்னால் ஒரு முகவரித் துண்டும் சேர்ந்திருக்கிறது.

மறுநாள் சோயாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். “பழைய மூட்டை டீச்சர், பால் காய்ச்சத்தான் ஆகும்” என்றார் கடைக்காரர். வாங்கும்போதே சொல்லியிருக்கலாம். ஆனாலும் முகம் சுளிக்காமல் பணத்தைத் திருப்பித் தந்தார். கொசுறாக ஒரு பிடி வெந்தயமும் கொடுத்தார்.

பச்சைப்பயறுக்குத் தயங்காமல் போகலாம். பெருங்காயம் மட்டும் வேறு கடையில் வாங்குங்கள்; இங்கே மாவு வாசனைதான் தூக்கலாக இருக்கிறது.