தொலைக்காட்சி விளம்பரத்துக்குக் கேப்ஷன்: முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டைக் கடைக்காரர்கள் கவனத்துக்கு. உள்ளூர் கேபிள் சேனல்களில் விளம்பரம் கொடுப்பவர்களைத் தேடிப் பிடித்து, "குளோஸ்டு கேப்ஷன் இனி கட்டாயம், நாங்கள் போட்டுத் தருகிறோம்" என்று ஒரு நிறுவனத்தின் ஆட்கள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். கேப்ஷன் என்றால் பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டுவது. என்னிடம் இரண்டு தவணையாக 28,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத வேலையைச் செய்து கொடுத்துவிட்டு, இப்போது போனை எடுப்பதில்லை. புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

கேப்ஷன் வீண்செலவு என்று இதைப் படித்துவிட்டு யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். எம்.சி. ரோட்டில் எங்களுடையது சிறிய ஜவுளிக்கடை. பில் போடும் என் அக்கா மகன் பிறவியிலேயே காது கேளாதவன். அவனை நம்பியே காது கேளாத குடும்பங்கள் பல எங்கள் கடைக்கு வருகின்றன. விளம்பரத்தில் வாய் அசைவது மட்டும் அவர்களுக்குத் தெரியும். என்ன விலை, எது வரை தள்ளுபடி என்பது தெரியாது. அவர்களும் வீட்டில் உட்கார்ந்து மற்றவர்களைப் போல அறிந்துகொள்ள வேண்டும் என்றுதான் ஆடி விளம்பரத்துக்குக் கேப்ஷன் போட நினைத்தேன். அந்த நல்ல எண்ணத்தையே இவர்கள் காசாக்கிவிட்டார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

வந்தவர் கையில் அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. "எஃப்.சி.சி. விதிப்படி கேப்ஷன் இல்லாத விளம்பரத்துக்கு அபராதம் உண்டு சார்" என்றார். எஃப்.சி.சி. என்பது அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம். எம்.சி. ரோட்டுக் கடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அந்த ஆணையத்தின் விதியிலேயே ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத விளம்பரங்களுக்குக் கேப்ஷன் கட்டாயமில்லை. எங்கள் விளம்பரமோ 30 விநாடி. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு ஊடகங்களில் கேப்ஷன், சைகை மொழி வேண்டும் என்கிறது. அதன் தொடர்ச்சியாக 2019 செப்டம்பரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கான தரநிலைகளை வெளியிட்டது. அதில் விளம்பரங்களுக்கு விலக்கு இருக்கிறது. ஆக, போடுவது நம் விருப்பம். அபராதம் என்பது வெறும் மிரட்டல்.

முதல் தவணை 22,000 ரூபாய். அதற்கு விளம்பர வீடியோவும் அதனுடன் சிறிய ஃபைல் ஒன்றும் கொடுத்தார்கள். விளம்பரம் ஓடியது, ஓர் எழுத்துகூடத் திரையில் வரவில்லை. ரிமோட்டில் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தோம். சேனல் அலுவலகத்துக்கு நேரில் போனபோது அங்கிருந்த ஆபரேட்டர் பொறுமையாக விளக்கினார்: "எங்கள் சர்வரில் வீடியோ மட்டும்தான் ஓடும். இந்த ஃபைலை நான் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?"

குளோஸ்டு கேப்ஷன் என்பது படத்தோடு ஒட்டாமல் தனியாகப் பயணம் செய்து, பார்ப்பவர் விரும்பினால் மட்டும் திரையில் தோன்றும் எழுத்து. சேனல், கேபிள், வீட்டு செட்டாப் பாக்ஸ் மூன்றும் அதைச் சுமந்துவந்தால்தான் அது கண்ணில் படும். இடையில் ஒன்று கைவிட்டாலும் அவ்வளவுதான். இவர்கள் கொடுத்ததோ அமெரிக்காவில் அனலாக் காலத்தில் ஏற்பட்ட 608 என்ற முறையிலான ஃபைல். வரிக்கு 32 எழுத்துதான் கொள்ளும். அதுவும் ஆங்கிலம், ஸ்பானிஷ் போன்ற மொழிகளின் எழுத்து. தமிழுக்கு அதில் இடமே கிடையாது. எடிட்டிங் தெரிந்த ஒரு தம்பி அதைக் கணினியில் ஓட்டிக் காட்டினார். எங்கள் வசனம் முழுவதும் கேள்விக்குறிகளாக வரிசைகட்டி நின்றது. தமிழ் விளம்பரத்துக்கு இதை விற்றவர்களுக்குத் தொழில் தெரியவில்லை அல்லது தெரிந்தே விற்றிருக்கிறார்கள்.

கேட்டதற்கு, "எழுத்தைப் படத்திலேயே பதித்துத் தருகிறோம், அது தனி வேலை" என்று மேலும் 6,000 ரூபாய் வாங்கினார்கள். பதித்த வீடியோவும் வந்தது, ஒளிபரப்பும் ஆனது. முதல் நாள் மாலை அக்கா மகன் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தான். 'சேலை' என்ற சொல்லில் சகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. லகரத்துக்கும் அதே கதி. தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாத மென்பொருளில் அப்படியே கொட்டியிருக்கிறார்கள். மணப்பெண் உடுத்தியிருந்தது சந்தன நிறப் பட்டு. அதன் மேல் வெள்ளை எழுத்து, பின்னால் கறுப்புப் பட்டைகூட இல்லை. 'ஐநூற்றைம்பது' என்று குரல் சொன்ன இடத்தில் '500 50' என்றிருந்தது. கணினியே கேட்டு எழுதியதை ஒரு மனிதர்கூடப் படித்துப் பார்க்கவில்லை. தள்ளுபடி முடியும் தேதி அடியோடு காணோம்.

"இதைப் படிப்பதற்கு உதட்டையே பார்த்துவிடலாம், மாமா" என்று சைகையில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். தனக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்து ஆசையாக உட்கார்ந்த பிள்ளை அவன்.

திருத்தம் கேட்டபோது அதற்கும் தனிக் கட்டணம் என்றார்கள். பில் கேட்டேன். ஜி.எஸ்.டி. எண்ணே இல்லாத வெள்ளைத் தாள் ஒன்று வந்தது. அதன் பிறகு பேச்சு மூச்சில்லை. பின்னர் அந்த எடிட்டிங் தம்பியே வசனத்தைத் தட்டச்சு செய்து, அக்கா மகனையே பிழை பார்க்க வைத்து, கறுப்புப் பட்டைமேல் இரண்டிரண்டு வரியாகப் பதித்துக் கொடுத்தார். இவர்கள் வாங்கியதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

உள்ளூர் சேனலுக்குத் தமிழ் விளம்பரம் கொடுக்கிறீர்கள் என்றால் படத்திலேயே பதித்த எழுத்தைக் கேளுங்கள். குளோஸ்டு கேப்ஷன்தான் வேண்டும் என்றால் முதலில் சேனலிடம் போய், தமிழ் எழுத்துடன் அதை ஒளிபரப்ப வசதி உண்டா, எந்த வகை ஃபைல் வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். பதிப்பதற்கு முன் வசனத்தைத் தாளில் வாங்கி விலை, தேதி, தொலைபேசி எண்ணை நீங்களே சரிபாருங்கள். அவர்கள் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டுவதை நம்பிப் பாக்கியைத் தீர்க்காதீர்கள்; உங்கள் வீட்டு டிவியில் ஒளிபரப்பைப் பார்த்த பிறகு கொடுங்கள். முடிந்தால் காது கேளாத ஒருவரை அருகில் உட்கார வைத்துப் பாருங்கள். நமக்குக் காதில் விழுவதால் கண் விட்டுவிடும் பிழை அவர்களுக்குத் தப்பாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவைக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியாது என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பவர்கள் உண்டு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்திய பொருள் என்றால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை வணிக நோக்கமாகக் கொள்வதில்லை; சேவைக்கும் அது பொருந்துமா என்று வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அவர்கள் கொடுத்த ஃபைல் எதையும் அழித்துவிடாதீர்கள். ஒளிபரப்பை டிவித் திரையிலிருந்து நான் போனில் படம் பிடித்து வைத்திருந்ததுதான் என் புகாருக்குப் பலமாக இருக்கிறது.

அதே ஆட்கள் தீபாவளி விளம்பரத்துக்காக இப்போது தங்கசாலைப் பக்கம் வருவதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் கடைக்கும் அந்த அமெரிக்க விதித் தாளோடு வந்தால், ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். பக்கத்துக் கடைக்காரருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.