130 மில்லிமீற்றர் தொலைகாட்டியில் ஒரு செங்குள்ளன்

மேசைமேல் வைத்துப் பார்க்கும் 130 மில்லிமீற்றர் ஆடித் தொலைகாட்டியைக் கிளிநொச்சியில் பயன்படுத்தி வருகிறேன். சந்திரனையும் சனியின் வளையத்தையும் அது குறைவின்றிக் காட்டுகிறது. ஆனால், இதை வாங்கச் சொல்ல எனக்குள்ள காரணம், கும்பராசியில் இருக்கும் கிளீசே 876 என்ற செங்குள்ள விண்மீன் (சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த, மங்கிய சிவப்பு விண்மீன்) இதற்கு எட்டுகிறது என்பதே.

சூரியனின் திணிவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே கொண்ட, 15 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்த விண்மீனை, வியாழனைவிட இரு மடங்குக்கு மேற்பட்ட திணிவுள்ள கோளொன்று 61 நாளுக்கொரு முறை சுற்றுவதை 1998இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. செங்குள்ளனொன்றைச் சுற்றி அறியப்பட்ட முதற் கோள் அதுதான். கோளை எவரும் நேரில் பார்க்கவில்லை. அதன் ஈர்ப்பினால் விண்மீன் செக்கனுக்கு 200 மீற்றர் அளவில் முன்னும் பின்னும் அசைவதை அதன் ஒளியைப் பிரித்துப் பெறும் நிறமாலையின் கோடுகள் இடம்பெயர்வதிலிருந்து அளந்தார்கள். இத்தனை சிறிய விண்மீன் பிறந்தபோது அதைச் சூழ்ந்திருந்த வாயு, தூசித் தட்டில் இவ்வளவு பெரிய கோளுக்கு வேண்டிய பொருள் எப்படிச் சேர்ந்தது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

ஆவணி, புரட்டாதி மாதங்களில் நள்ளிரவை அண்டிக் கும்பராசி வன்னி வானில் உயர நிற்கும். 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டில் அதிலுள்ள டெல்டா அக்குவாரி என்ற விண்மீனைப் பிடித்து, அங்கிருந்து வடக்கே ஒன்றரைப் பாகை நகர்த்தினால், 10ஆம் தரத்து (தர எண் கூடக் கூட ஒளி குறையும்) மங்கிய புள்ளியாகக் கிளீசே 876 அகப்படும். செந்நிறம் தெரியுமென்று எதிர்பார்க்க வேண்டாம். விண்மீன் படத்தோடு ஒப்பிட்டே உறுதிப்படுத்த வேண்டும். கோளுக்கும் விண்மீனுக்கும் இடையிலான கோணம் 0.04 விகலை (விகலை என்பது பாகையின் 3600இல் ஒரு பங்கு) அளவுதான். இக்கருவியால் பிரித்துக் காட்ட முடிவது 0.9 விகலை வரைதான், ஆகவே கோள் தனியே தெரியாது.

குறைகளும் உண்டு. சோளகக் காற்று வீசும் இரவுகளில் குழாய் நடுங்குகிறது, குவியத் திருகு சற்றுத் தளர்வு. திறந்த குழாய் என்பதால் வன்னிப் புழுதி ஆடியில் படியும். அதைத் துணியால் துடைத்தால் பூச்சு கீறுப்படும். பெட்டியில் அச்சிட்ட வண்ணப் படங்களை நம்பிப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்போர், கண்ணுக்குத் தெரிவது அப்படியிராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கிளீசே 876ஐவிட வியப்பான செங்குள்ளனான கிளீசே 3512, சூரியனின் எட்டிலொரு பங்கு திணிவுகூட இல்லாமல், வியாழனின் பாதியளவு திணிவுள்ள கோளை வைத்திருப்பதாக 2019இல் அறிவிக்கப்பட்டது. 15ஆம் தரத்து அந்த விண்மீன் இந்த ஆடிக்கு எட்டாது. அதைத் தேட விரும்புவோர் இதைவிட மிகப் பெரிய ஆடிக்குப் பணம் சேர்ப்பது நல்லது.