22 வருஷம் கழித்து வந்த தள்ளாட்டம்: மாத்திரையா, பயிற்சியா, கைத்தடியா?

அக்கூஸ்டிக் நியூரோமா ஆபரேஷன் முடிந்து எனக்கு 22 வருஷம் ஆகிறது. இடது பக்கக் கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் சமநிலை நரம்பிலேயே முளைத்தது. அதை எடுத்தபோது அந்த நரம்பும் போனது, அந்தக் காதின் கேட்கும் திறனும் போனது. முதல் மூன்று மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அப்புறம் மெல்ல மெல்லச் சரியாகி, சைக்கிள்கூட ஓட்டினேன்.

அறுபதைத் தாண்டியதும் திரும்ப ஆரம்பித்தது. குளிக்கும்போது சோப்பு நுரைக்குப் பயந்து கண்ணை மூடினால் உடம்பு இடது பக்கமாகச் சாய்கிறது. கை தானாகச் சுவரைத் தேடுகிறது. விரல் நுனி ஈரச் சுவரில் லேசாகப் பட்டாலே போதும், சாய்வு நின்றுவிடுகிறது. இந்த விரல் நுனியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கட்டி திரும்ப வந்துவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தேன். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. நாம் நிற்பதும் நடப்பதும் கண், உள்காது, பாதம் என்ற மூன்றும் தரும் தகவலை நம்பித்தான். ஒரு பக்க நரம்பு போனதும், மீதி இருப்பதை வைத்துச் சமாளிக்க மூளை கற்றுக்கொண்டது. வெட்டிய நரம்பு முளைக்கவில்லை. அதன் வேலையை மற்றவை பங்குபோட்டுக்கொண்டன, அவ்வளவுதான். வயதாக ஆக அந்த மற்றவையும் தளர்கின்றன. நல்ல காதிலும் உணர்வுச் செல்கள் குறைகின்றன, கண்ணில் புரை விழுகிறது, பாதத்தின் உணர்ச்சி மங்குகிறது (சர்க்கரை இருந்தால் சீக்கிரமே), தொடைத் தசை இளைக்கிறது. இரண்டு காதும் உள்ளவருக்கு இதெல்லாம் தாமதமாகத் தெரியும். நமக்குக் கையிருப்பு குறைவு, முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

இனி என்ன செய்யலாம்?

மாத்திரையை முதலில் முடித்துவிடுகிறேன். தலைசுற்றல் வேறு, தள்ளாட்டம் வேறு. சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை அறையே சுழலும் நேரத்தில் சில நாள் கைகொடுப்பவை. காதிலிருந்து வரும் சமிக்ஞையை மட்டுப்படுத்துவதுதான் அவற்றின் வேலை. ஏற்கெனவே பாதி சமிக்ஞை இல்லாத ஒருவர் மீதியையும் மட்டுப்படுத்தினால் மூளை எதை வைத்துக் கற்றுக்கொள்ளும்? தூக்கக் கலக்கம் வரும், வயதானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் பார்க்கின்சன் நோய் போன்ற நடுக்கமும் விறைப்பும் வரலாம். தலைசுற்றலுக்குத் தரும் இன்னொரு மாத்திரையான பீட்டாஹிஸ்டின் அந்த வகையல்ல, ஆனால் அதன்மேலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அது அதிகம் எழுதித்தரப்படும் மெனியர் நோயிலேயே (உள்காதுக் கோளாறால் அடிக்கடி தலைசுற்றல் வரும் நோய்), 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. எனக்கும் இதை எழுதிக் கொடுத்து, வருஷக்கணக்கில் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் காலத்தைப் பயிற்சிக்குச் செலவிட்டிருக்கலாமே என்ற வருத்தம் இன்னும் உண்டு. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

என் ஓட்டு வெஸ்டிபுலர் பயிற்சிக்குத்தான், அதாவது உள்காதின் சமநிலைக் குறையைச் சமாளிக்க மூளையைப் பழக்கும் பயிற்சிக்கு. 1940-களில் பிரிட்டனில் காதார்ன், குக்ஸி என்ற இரு மருத்துவர்கள் வகுத்த பயிற்சிகளிலிருந்து வளர்ந்த முறை இது. தலையைத் திருப்பும்போது கண் எதிர்ப்பக்கம் நகர்ந்து பார்வையை நிலைநிறுத்த வேண்டும். நல்ல காது இதை நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் செய்துவிடும். நமக்கு அதில்தான் ஓட்டை.

என் அறைச் சுவரில், கண் மட்டத்தில், ‘அ’ என்று ஒரே எழுத்து எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. ஒரு கை தூரத்தில் நின்று, கண்ணை ‘அ’வை விட்டு எடுக்காமல், ‘இல்லை இல்லை’ என்பதுபோலத் தலையை ஆட்ட வேண்டும். எழுத்து கலங்கினால் வேகத்தைக் கொஞ்சம் குறை, தெளிந்தால் கூட்டு. பிறகு தலையை மேலும் கீழும். பிறகு பாதங்களைச் சேர்த்துவைத்து, பிறகு நடந்துகொண்டே. அமெரிக்க பிசியோதெரபிஸ்டுகளின் வழிகாட்டுதல்படி, நாள்பட்ட குறைபாட்டுக்குப் பல தவணையாகத் தினமும் 20 நிமிடமாவது, 4 முதல் 6 வாரம் செய்ய வேண்டும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உருட்டும் பயிற்சியை இதற்குப் பதிலாகக் கொடுக்க வேண்டாம் என்றும் அது சொல்கிறது. வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடவும் தேவையில்லை. கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் மட்டும் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

முதல் வாரம் இன்னும் மோசமாக இருந்தது, குமட்டல் வேறு. ஐந்தாவது வாரம், நடந்துகொண்டே எதிரே இருந்த பெயர்ப் பலகையை நிற்காமல் படித்தேன். அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. குறை இல்லாமல் இல்லை. விட்டுவிட்டால் பலன் கரைகிறது. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தாலே பாதி போய்விடுகிறது. கும்மிருட்டில் எத்தனை பயிற்சி செய்தாலும் ஓரளவுக்குத்தான்.

மெதுவான அசைவுகளால் ஆன சீன உடற்பயிற்சியான தாய் சி பற்றிப் பலர் கேட்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பாய்வு, அறுபதைத் தாண்டியவர்கள் கீழே விழுவதை உடற்பயிற்சிகள் மொத்தத்தில் 23 சதவீதம் குறைப்பதாகச் சொல்கிறது. தாய் சிக்கு 19 சதவீதம். சமநிலைப் பயிற்சியோடு தசை வலுவூட்டலும் சேர்ந்தால் 34. இது பொதுவாக முதியவர்களின் கணக்கு, நம்மைப் போன்றவர்களை மட்டும் வைத்துப் போட்டதல்ல. தாய் சி கணுக்காலுக்கும் தொடைக்கும் அருமை. ஆனால் தலையை வேகமாகத் திருப்பியபடி பார்வையை நிறுத்தும் வேலை அதில் இல்லை. அதனால் ‘அ’ தாளுக்குப் பதிலாக அல்ல, அதற்கு மேல்தான்.

கைத்தடியைத்தான் நான் அதிகம் தவறாக நினைத்திருந்தேன். எடுத்தால் கிழவனாகிவிடுவேன் என்று நான்கு வருஷம் தள்ளிப்போட்டேன். 1994-இல் ஜெகா, லாக்னர் என்ற இருவர், அசையாத ஒரு பரப்பை விரல் நுனியால் லேசாகத் தொட்டாலே உடம்பின் ஆட்டம் குறைகிறது என்று காட்டினார்கள். தாங்கிப் பிடிக்கும் அளவு அழுத்தமே இல்லை. உடம்பு எப்படி அசைகிறது என்ற செய்தியை விரல் மூளைக்குச் சொல்கிறது. குளியலறைச் சுவரில் என் விரல் செய்ததும் அதுதான். தடியும் அப்படித்தான்: சாய்ந்துகொள்ள அல்ல, தரையைத் தொட்டுப் பார்க்க. கை தொங்கும்போது மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரம் சரி. அடியில் ரப்பர் தேயாமல் இருக்க வேண்டும். கேட்காத பக்கத்திலிருந்து வருகிறவர்களும் தடியைப் பார்த்து ஒதுங்கிப் போகிறார்கள். அந்தப் பக்கம் சட்டென்று திரும்பித் தடுமாறுவது எனக்குக் குறைந்துவிட்டது. வெளியே, இருட்டில், மேடுபள்ளத்தில் தடி. வெளிச்சமான வீட்டுக்குள் தடி இல்லை. முழு நாளும் பிடித்தால் கால்கள் சோம்பிவிடும்.

புரோகிரசிவ் கண்ணாடி (மேல்பகுதியில் தூரமும் கீழ்ப்பகுதியில் கிட்டமும் தெரிவது) போடுகிறவர்கள், வெளியே நடக்கத் தூரப் பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி கேளுங்கள். கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் படியின் விளிம்பு கலங்கும்.

படுக்கையில் புரண்டால் ஒரு நிமிடத்துக்குள் அறை சுழன்று நின்றால், அது இந்தக் கதையே அல்ல. நல்ல காதின் உள்ளே இயல்பாகவே இருக்கும் நுண்ணிய படிகத் துகள் இடம் மாறியிருக்கலாம். தலையைப் படிப்படியாகத் திருப்பும் எப்லி முறையில் பெரும்பாலும் சரியாகும். திடீரெனப் பேச்சு குழறினாலோ, ஒரு கை வலுவிழந்தாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இன்னொன்று: ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி உள்காதின் உணர்வுச் செல்களைக் கொல்லக்கூடியது. இருப்பது ஒரு காதுதான் என்பதை எந்த ஊசிக்கு முன்னாலும் சொல்லியாக வேண்டும். நான் மயங்கிக் கிடந்தாலும் தெரியட்டும் என்று, அதை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.