"100"-ஓடு 50-ஐக் கூட்டினால்? வெப் வேலைக்கு நான்கு நிரல்மொழிகள்

இணையப் படிவத்தில் ஒருவர் விலை 100 என்று தட்டுகிறார். படிவத்திலிருந்து வந்து சேர்வது எண் அல்ல, வெறும் எழுத்துச்சரம். அதோடு டெலிவரி கட்டணம் 50-ஐக் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டி 10050 என்று பில் போட்டுவிடும். பிஎச்பி, 'எண்ணைத்தான் சொல்ல வந்திருப்பார்' என்று தானே ஊகித்து 150 தரும். பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். கறார்ப் பேர்வழியான ஜாவாவும், வேடிக்கை என்னவென்றால், 10050 கட்சிதான்.

எந்த மொழி படிக்கலாம் என்று கேட்டு வருபவர்களிடம் இந்த ஒரு வரியைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். எது சுலபம், எதற்குச் சம்பளம் அதிகம் என்பதெல்லாம் அப்புறம்.

ஜாவாஸ்கிரிப்டை ஒரு போட்டியாளராகவே நான் நிறுத்துவதில்லை. 1995-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். அந்த அவசரத்தின் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. ஆனாலும் பிரவுசருக்குள் ஒரு பட்டனை அசைக்க வேண்டுமென்றால் கடைசியில் அதனிடம்தான் போய் நிற்க வேண்டும். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் 2009-இல் வந்த பிறகு சர்வர் பக்கமும் அதே மொழி ஓடுகிறது. ஜாவாஸ்கிரிப்டோடு வகைச் சோதனையைச் சேர்த்து மைக்ரோசாஃப்ட் 2012-இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்டில், மொத்தத் தொகை எண்தான் என்று அறிவித்துவிட்டால் அந்த 10050 கோளாறு ஓடும் முன்பே பிடிபடும். இதில் பலரும் சறுக்குவது ஓரிடத்தில்தான்: மொழியைத் தாண்டிக் குதித்து, அதன்மேல் கட்டப்பட்ட ரியாக்ட் என்ற திரை வடிவமைப்பு நூலகத்தில் நேரே இறங்குகிறார்கள். பின்னால் வரப்போகும் விடைக்காகக் காத்திருக்கும் 'பிராமிஸ்' என்ற அடிப்படை அம்சம் என்ன என்று நேர்காணலில் கேட்டால் முழிக்கிறார்கள்.

ஆக, உண்மையான கேள்வி இரண்டாவது மொழி எது என்பதுதான்.

பிஎச்பியைக் கிண்டல் செய்வது இந்தத் தொழிலில் ஒரு சடங்கு. நானும் செய்திருக்கிறேன். ஆனால் உலக இணையதளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஓடுகின்றன, அது பிஎச்பியில் எழுதப்பட்டது. விக்கிப்பீடியாவும் அப்படித்தான். மலிவான ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பகிர்ந்துகொள்ளும் சர்வர் இடம்) வாங்கி, ஃபைலை ஏற்றினால் தளம் வந்துவிடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிரல் புதிதாகத் தொடங்கி முடிந்துவிடுவதால், ஒரு பக்கத்தில் வெடித்த பிழை அடுத்தவரைத் தொடாது. நோடில் கையாளாமல் விட்ட ஒரு பிழை மொத்த புராசஸையே, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே, சாய்த்துவிடும். கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை என்று தனியாக வேலை பிடித்துச் செய்பவருக்கு இதுதான் முதல் வருமானம். பழைய பேச்சை நம்ப வேண்டாம்: 2015-இல் வந்த 7-ஆம் பதிப்பு வேகத்தை எங்கோ கொண்டுபோனது. எண் கேட்ட இடத்தில் 'நூறு' என்று எழுத்தில் வந்து, அதோடு 50-ஐக் கூட்டினால் முன்பு வெறும் எச்சரிக்கையோடு 50 என்று காட்டும். 8-ஆம் பதிப்பு பிழை என்றே நிறுத்துகிறது. நம்மவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை பிஎச்பியின் நீளம் அளக்கும் கட்டளையான ஸ்டர்லென்னிடம் (strlen) கேட்டால் 15 என்னும். அது எண்ணுவது எழுத்துகளை அல்ல, அவற்றைச் சேமிக்கும் பைட்டுகளை. ஜாவாஸ்கிரிப்டும் பைத்தானும் 5 என்கின்றன. மூன்றெழுத்து என்று நாம் சொல்வதை மூன்றுமே நேரடியாகச் சொல்வதில்லை.

பைத்தான் படிக்க இதம். பைத்தானில் தளம் கட்ட 2005-இல் வந்த ஜாங்கோ என்ற சட்டகத்தில் அட்மின் பக்கம் தயாராகவே கிடைக்கும்; இன்ஸ்டாகிராம் அதில்தான் வளர்ந்தது. நாளைக்கு டேட்டா, ஏஐ பக்கம் தாவ நினைப்பவருக்குக் கதவு திறந்தே இருக்கும். ஆனால் ஹோஸ்டிங்கில் ஃபைலை ஏற்றிவிட்டுத் தூங்கப் போக முடியாது; எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புராசஸைக் கட்டிக் காக்க வேண்டும். வெப் மட்டும்தான் குறி என்றால் இதை இரண்டாவது மொழியாக எடுக்கச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு.

ஜாவா? வங்கி, காப்பீட்டு புராஜெக்ட்கள் ஓடும் பெரிய சர்வீஸ் கம்பெனிதான் இலக்கு என்றால் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா சட்டகத்தோடு சேர்த்துப் படியுங்கள். தனியாக நாலு கடைக்குத் தளம் போட்டுத் தரப்போகிறவருக்கு அது எலி பிடிக்க யானை வாங்கின கதை.