'நான்' சொல்வதா, 'அவன்' என்பதா: எந்தக் கதைக்கு எது சரிப்படும்?

தன்மையில் எழுதுவதா படர்க்கையில் எழுதுவதா என்பதைப் பலர் முதல் வரி எழுதும்போதே வாய்க்கு வந்தபடி முடிவு செய்துவிடுகிறார்கள். பாதிக் கதையில் முட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். வாசகரிடம் எதை மறைக்க வேண்டும், எதுவரை மறைக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அது வகைக்கு வகை மாறும்.

துப்பறியும் கதையில் மறைக்க வேண்டியது துப்பறிபவரின் மண்டைக்குள் ஓடுவதை. அவரையே 'நான்' ஆக்கிவிட்டு, அவர் கண்டுபிடித்ததை மட்டும் சொல்லாமல் விட்டால் அது கள்ளாட்டம். அதனால்தான் கோனன் டாயில் எழுதிய 56 ஹோம்ஸ் சிறுகதைகளில் நான்கைத் தவிர மற்றவற்றைத் துப்பறிபவர் ஹோம்ஸின் நண்பரும் உதவியாளருமான வாட்சன் சொல்கிறார். 1926-இல் வந்த ஒரு கதையை ஹோம்ஸ் வாயாலேயே சொல்லவைத்தார் டாயில். நானே சொல்லும்போது சீட்டை முன்கூட்டியே காட்ட வேண்டியிருக்கிறதே, வாட்சன் என்றால் இதையெல்லாம் மறைத்துக் கடைசியில் அசத்தியிருப்பார் என்று ஹோம்ஸே அதில் அலுத்துக்கொள்கிறார். புதிதாக எழுதுபவருக்கு உதவியாளரின் 'நான்'தான் பத்திரம்.

படர்க்கையில் எழுதினால் தமிழில் வேறொரு தலைவலி, வினைமுற்று. 'முகமூடி அணிந்த ஒருவன் சுவரேறிக் குதித்தான்' என்றதுமே சந்தேகப் பட்டியலிலிருந்து பெண்கள் அத்தனை பேரும் விடுதலை. 'ஓர் உருவம் குதித்தது' என்றால் ஆசிரியர் எதையோ ஒளிக்கிறார் என்று வாசகர் உஷாராகிவிடுவார். 'ஒருவர் குதித்தார்' என்றால் திருடனுக்கு மரியாதை! 'குதித்த' போன்ற பெயரெச்சத்துக்கு ஆண்பால், பெண்பால் கிடையாது என்பதை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம்: 'யாரோ சுவரேறிக் குதித்த சத்தத்தில் நாய் குரைத்தது.' வாக்கியத்தின் எழுவாய் நாய். குதித்தவர் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. தன்மையில் இந்தச் சிக்கல் அறவே இல்லை. 'குதித்தேன்' யாருக்கும் பொருந்தும். கொலையாளியின் டைரிப் பக்கங்களை இடையிடையே வைக்க நினைத்தால் இது பெரிய வசதி.

பேய்க்கதையில் நிலைமை தலைகீழ். 'நான் அந்த வீட்டுக்குள் போனேன்' என்று இறந்தகாலத்தில் தொடங்கினால், சொல்பவர் பிழைத்துவந்துவிட்டார் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பயம் பாதி போச்சு. 1897-இல் வந்த டிராகுலா நாவல் முழுக்க டைரி, கடிதம், செய்தித் துணுக்கு என்று போவதில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: அன்றன்று எழுதும் டைரிக்காரருக்கு மறுநாள் தெரியாது. 'நடக்கிறேன், திரும்புகிறேன்' என்று நிகழ்காலத்திலும் எழுதலாம், சிறுகதை அளவுக்குத் தாங்கும். நாவல் முழுக்க என்றால் கிரிக்கெட் வர்ணனை கேட்ட அலுப்பு வந்துவிடும்.

சரித்திரக் கதைக்குப் படர்க்கையே மேல். சோழப் படைவீரனை 'நான்' ஆக்கினால், தன் இடுப்பில் இருக்கும் காசு என்ன காசு என்று அவன் எதற்காக விளக்கப்போகிறான்? அவனுக்குத் தெரிந்தது வாசகருக்குத் தெரியாது. இடையில் நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனில், வாசகரைக் கற்பனை ஓடத்தில் ஏறச் சொல்லும் அந்தக் குரல் செய்வது இதைத்தான். அதை அப்படியே நகலெடுத்து 'வாசகர்களே' என்று இன்று கூப்பிட்டால் எடுபடாது.

இன்னொன்று, மரியாதை விகுதி. எல்லாம் அறிந்த ஆசிரியர் 'அரசன் வந்தான்' என்று தாராளமாக எழுதலாம். பணிப்பெண்ணின் பார்வையோடு ஒட்டிப்போகும் அத்தியாயத்தில் 'அரசர் வந்தார்' என்றுதான் வரவேண்டும். ஒரே பத்தியில் இரண்டும் கலந்தால் யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பதே குழம்பிப்போகும்.

காதல் கதை இரண்டிலும் ஓடும். படர்க்கை என்றால் அத்தியாயத்துக்கு ஒரு மனசு போதும். அவள் நினைப்பதும் அவன் நினைப்பதும் அடுத்தடுத்த வரியில் வந்துவிட்டால் தவிப்புக்கு இடமே இருக்காது.

பேச்சுவழக்கில் 'நான்' எழுதுபவர்கள் ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொள்வது நல்லது. மூன்றாம் பக்கத்தில் 'போயிட்டேன்', முப்பதாம் பக்கத்தில் 'போய்ட்டேன்' என்று வந்தால், பிழை திருத்துபவருக்கு முன்பே வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

எல்லாம் யோசித்தும் முடிவுக்கு வரமுடியாவிட்டால், ஒரே காட்சியை இரண்டு விதமாகவும் முந்நூறு சொல்லில் எழுதிப் பாருங்கள். தொடக்கக் காட்சி வேண்டாம், அது எதிலும் நன்றாகத்தான் வரும். ரகசியம் உடையும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள்.