சத்து மாத்திரையும் சுடுசொல்லும்: டெல்டாவில் ஒரு பிரசவ காலம்

தங்கைக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்தேன். பிள்ளை பிறந்து பெயர் வைக்கும்வரை கூடவே இருந்தேன். எங்களுடையது வெண்ணாற்றங்கரைக் கிராமம். துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், டவுனில் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனை என்று மூன்று இடத்துக்கும் அவளோடு போய்வந்ததில் பார்த்ததை எழுதுகிறேன். ஊர் ஆஸ்பத்திரி என்றாலே உதட்டைப் பிதுக்கும் வெளிநாட்டுச் சொந்தங்களும் படிக்கட்டும், இப்போது வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்களும் படிக்கட்டும்.

முதலில் நல்லது. அது நிறையவே இருக்கிறது. தங்கை வாழ்க்கைப்பட்டது புதுக்கோட்டைப் பக்கம். கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் அங்கேதான். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்த மறுநாளே எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்துவிட்டாராம். பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் அடையாள எண்ணை, கேட்டுப் பதிந்துகொண்டு, தாய் சேய் நல அட்டையைப் புரட்டி, ஸ்கேன் எப்போது எடுத்தது, சர்க்கரை பார்த்தாயிற்றா, தடுப்பூசி போட்டாயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். வீடு மாறினாலும் கணக்கு அறுந்துபோகாமல் கூடவே வருகிறது. தாய்வீட்டுக்கு வந்து பிள்ளை பெறுகிற நம் வழக்கத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தையும் சொல்ல வேண்டும். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, பெண் பிள்ளை படிப்பதே அதிசயமாக இருந்த காலத்தில் டாக்டரான அம்மையாரின் பெயரில் 1987-இல் தொடங்கியது. 2018-இல் தொகையை 18,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதில் 14,000 பணமாக, தவணை தவணையாக வரும். மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும்: சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய். எங்கள் தெருவில் வாங்காத ஏழை வீடு இல்லை.

பலனும் தெரிகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு 54 தாய்மார் இறந்திருக்கிறார்கள். நாடு முழுவதற்கும் அது 97. என் பாட்டி தலைமுறையில் பிரசவத்தில் போன பெண் இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. அதை நினைத்தால் இந்த எண்களின் பின்னால் இருக்கும் உழைப்புக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் அதே குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. கிட்டத்தட்டப் பாதிப் பேர். மாத்திரை இலவசம், வீடு தேடி வருகிறது. அப்புறம் ஏன்? இதற்கான பதிலில் ஒரு பகுதி எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்தது.

ஒருநாள் சாயங்காலம் நர்ஸம்மா வந்து தங்கையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 9-ஐச் சுற்றியே நின்றது. கர்ப்பிணிக்குக் குறைந்தது 11 இருக்க வேண்டும்.

"மாத்திரை போடுறியாம்மா?"

"போடுறேன் சிஸ்டர்."

"மலம் கறுப்பாப் போகுதா?"

"இல்லையே."

நர்ஸம்மா கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப மாத்திரை உள்ள போகலைன்னு அர்த்தம். என்ன பண்ணுது, சொல்லு" என்றார். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து அட்டை அட்டையாக எடுத்து வந்து வைத்தாள். விழுங்கினால் குமட்டல், மலச்சிக்கல். இதைப் பரிசோதனைக்குப் போன இடத்தில் சொன்னதற்கு, "இதுகூட முழுங்க முடியலை, நீயெல்லாம் எப்படிப் புள்ள பெறப் போறே?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டிருக்கிறார்கள். அதிலிருந்து யார் கேட்டாலும் "போடுறேன்" என்று சொல்லப் பழகிவிட்டாள். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று மாமியார் வீட்டில் சொன்னதும் சேர்ந்துகொண்டது.

நர்ஸம்மா சொன்ன வழி எளிது. ராத்திரி சாப்பிட்ட பிறகு, படுக்கப் போகுமுன் போட்டுக்கொண்டால் குமட்டல் அவ்வளவாகத் தெரியாது. எலுமிச்சைச் சாறோடு போட்டால் சத்து நன்றாகச் சேரும். டீ, காபி பக்கத்திலேயே வரக்கூடாது. கால்சியம் மாத்திரையை இதோடு சேர்க்காமல் காலையிலோ மதியமோ போட வேண்டும். மலச்சிக்கலுக்குக் கீரை, வாழைத்தண்டு, நிறையத் தண்ணீர். மாத்திரையால் கறுப்பது மலம்தான், பிள்ளை இல்லை. பொதுவாக நாளுக்கு ஒன்று என்று 180 நாள், பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள். தங்கையைப் போல ரத்தசோகை இருந்தால் நாளுக்கு இரண்டு. பிரசவத்துக்கு முன் தங்கையின் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியது.

எனக்குப் பிடிபட்டது இதுதான்: திட்டு வாங்கிய பெண் அடுத்த முறை உண்மையைச் சொல்லமாட்டாள். உண்மை வராவிட்டால் எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் போட்டும், எத்தனை சுவரில் எழுதியும் மாத்திரை அரிசி டப்பாவுக்குப் பின்னால்தான் கிடக்கும். நாம் விழிப்புணர்வை ஒருபக்கமும் ஊழியர் நடத்தையை இன்னொரு பக்கமும் வைத்துப் பேசுகிறோம். இரண்டையும் பிரிக்க முடியாது.

நடவு வேலைக்குப் போகும் பெண்களிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. எங்கள் பகுதியில் கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போனால் ஒரு நாள் கூலி போச்சு. சம்பா நடவு என்பது சில வாரச் சம்பாதிப்பு, அதை விட யாருக்கும் மனம் வராது. ஆறு மாத வயிற்றோடு குனிந்து நாற்று நட்ட பெண் ஒருத்தியைப் பார்த்தேன். கால் வீங்கியிருந்தது. தலைவலி, கண் மங்கல் இருந்தால் உடனே காட்ட வேண்டும், ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. "போனா, போன வாரம் ஏன் வரலைன்னு சத்தம் போடுவாங்கக்கா" என்றாள். அறியாமை இல்லை இது. எங்கள் நர்ஸம்மா இவளைப் போன்றவர்களுக்காகவே வேலை முடிந்து எல்லாரும் கரையேறும் நேரத்தில் பிரஷர் மெஷினோடு தெருவுக்கு வருகிறார். வரவேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

சுடுசொல்லுக்குப் பயந்து தனியாரிடம் போகிறவர்களும் இருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பெண் தோட்டை அடகு வைத்துவிட்டுப் போனாள். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். எதற்கு என்று அவளுக்கு இன்றுவரை யாரும் விளக்கவில்லை. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசில் 36 சதவீதம் என்று முன்னே சொன்ன குடும்பநல ஆய்வு சொல்கிறது. உயிரைக் காக்கிற ஆபரேஷனை நான் குறை சொல்லவில்லை. வயிற்றைக் கிழிக்குமுன் காரணத்தைச் சொல்ல இரண்டு நிமிடம் கிடைக்காதா?

இனி டவுன் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். வலி எடுத்ததும் 108-க்கு அடித்தோம், சீக்கிரமே வந்தது. உள்ளே வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டாக்டர்கள் திறமைசாலிகள். ஆனால் பிரசவ அறைக் கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு உள்ளே பேசியது எல்லாம் கேட்டது. வலியில் கத்திய ஒரு பெண்ணிடம், "அப்ப இனிச்சுதுல்ல, இப்ப எதுக்குக் கத்துறே?" என்று ஒரு குரல். எழுதவே கூசுகிறது. மரியாதையான பிரசவ கவனிப்பு என்பதை, அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளை மேம்படுத்த 2017-இல் வந்த லக்‌ஷ்யா திட்டமே நெறியாக வைத்திருக்கிறது. உறவுப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்பதும் அதில் உண்டு. அம்மா கேட்டுப் பார்த்தார். "வெளியே நில்லுங்க" என்பதே பதில். எனக்குச் சிங்கப்பூரில் பிள்ளை பிறந்தபோது தாதி ஒவ்வொரு முறையும் திரையை இழுத்துவிட்டு, கை வைக்கலாமா என்று கேட்டபிறகே தொட்டார். இதற்குக் காசும் தேவையில்லை, மெஷினும் தேவையில்லை.

பெண் குழந்தை. பழைய வேட்டித் துணியில் சுற்றி ஆயா கொண்டுவந்தார். அம்மா கையை நீட்டினார். ஆயா கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு, "பொம்பளப் புள்ளதானே, ஐநூறு குடுங்க போதும். ஆம்பளப் புள்ளைன்னா ஆயிரம்" என்றார். பிறந்து அரை மணிகூட ஆகாத பிள்ளைக்குப் பாதி விலை! நான் வாயெடுக்குமுன் அம்மா பணத்தைக் கொடுத்துவிட்டு, "ஒண்ணும் பேசாதே, உள்ள இருக்கறவளை நல்லாப் பாத்துக்கணும்ல" என்றார். எங்களிடம் இருந்தது, கொடுத்தோம். எங்களுக்கு அடுத்து நின்ற ஆள் கைலி மடிப்பிலிருந்து பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து எண்ணிக்கொண்டிருந்தார். 2011 முதல் நடப்பில் இருக்கும் ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டத்தில் மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு, வீடு திரும்ப வண்டி எல்லாமே இலவசம். அந்த மனிதரிடம் அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவர்களின் சம்பளம் குறைவு என்பதும், ஒரு ஷிப்டுக்கு இருக்கும் நர்ஸ்கள் போதாது என்பதும் உண்மை. அதற்காக அவர்கள் போராடினால் நானும் கூட நிற்பேன். ஆனால் அரசு கொடுக்காத சம்பளத்தை நடவு ஆளின் மடியிலிருந்து எடுப்பதை ஏற்க முடியாது. அதே வார்டில் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்த இளம் நர்ஸ் ஒருவர், அத்தை சேனை தொட்டுவைக்கக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தபோது, "முதல்ல சீம்பாலுங்கம்மா, அதுதான் புள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து. ஆறு மாசத்துக்குத் தண்ணிகூட வேணாம்" என்று சொல்லி, குழந்தையைத் தங்கை மார்பில் சரியாக வைத்துக் காட்டினார். அத்தை கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டார். அம்மா நீட்டிய பணத்தை அந்தப் பெண், "நான் சம்பளம் வாங்கறேம்மா" என்று திருப்பிக் கையில் வைத்து மூடினார். அவருக்கும் அதே வேலைப்பளுதான்.

பிள்ளை பிறந்த வீட்டில் யாரும் சண்டை போட விரும்பமாட்டார்கள், நியாயம்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு 104-க்கு அடித்துச் சொல்லலாம். மருத்துவ ஆலோசனை தருகிற அதே எண் அரசு மருத்துவமனை மீதான புகாரையும் வாங்கிக்கொள்கிறது. தேதி, நேரம், எந்த வார்டு என்று சொன்னால் போதும். நான் சொல்லியிருக்கிறேன். நர்ஸம்மாவையும் அந்த இளம் நர்ஸையும் பாராட்டி அதிகாரிகளுக்கு எழுதவும் செய்தேன். நல்லது செய்கிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

அக்டோபர் 2 கிராம சபையில் வைக்கச் சொல்லித் தம்பியிடம் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்: எதெல்லாம் இலவசம் என்பதும் 104 எண்ணும் தமிழில் பெரிய எழுத்தில் பிரசவ வார்டு வாசலில் இருக்க வேண்டும், பிரசவ அறைக்குள் உறவுப் பெண் ஒருவரை அனுமதிக்க வேண்டும், நடவு, அறுவடைக் காலங்களில் கர்ப்பிணிகள் பரிசோதனையைச் சாயங்காலத்திலும் வைக்க வேண்டும். மூன்றாவதைத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லித் தெருப் பெண்கள் பலர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.