கல்லடியில் ஒரு சோற்றுக்கடை: சுத்தம் எப்படி?

மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கையில் இருக்கிற சின்னக் கடை. மேசை ஆறுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று தடவை போய்விட்டேன், மூன்று தடவையும் முதலில் பார்த்தது கை கழுவும் இடத்தைத்தான், ஏனென்றால் குசினிக்குள் நம்மை விடமாட்டார்கள், ஆனால் உள்ளே எப்படி என்று அந்த இடமே காட்டிக்கொடுத்துவிடும். சவர்க்காரம் இருந்தது, தண்ணீர் வந்தது, எச்சில் வாளி நிரம்பி வழியவில்லை.

வாவி இறால் கறி அருமை, குடல் நரம்பு எடுத்துத்தான் சமைத்திருந்தார்கள். பருப்பில் உப்புக் குறைவு.

ஒருநாள் மூன்றரை மணிக்குப் போய் மீன் கறி கேட்டேன். "தம்பி, அது காலமை வைச்சது, வேணாம், முட்டை பொரிச்சுத் தாறன்" என்றார் கடைக்கார அக்கா. விற்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. உடம்பின் தூய்மை நீரால், மனதின் தூய்மை வாய்மையால் என்று வள்ளுவர் 298ஆம் குறளில் சொன்னதை ஒரு வியாபாரத்தில் நேரில் கண்டது அன்றைக்குத்தான்.

சரி, ஒரு குறை. பார்சல் சோற்றை வாழையிலையில் கட்டுகிறார்கள், நல்லது. பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு 2017இலேயே தடை வந்துவிட்டதே. ஆனால் சொதியும் கறியும் இன்னும் சின்னப் பொலித்தீன் பையில்தான் வருகின்றன. அந்தப் பைகள் எங்கே போய்ச் சேரும் என்று வாவிக்கரைக் கண்டல் வேர்களில் போய்ப் பாருங்கள், வயிறு எரியும். நான் இப்போது வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோகிறேன், அக்கா முகம் சுளிக்காமல் நிரப்பித் தருகிறார்.